இருமல் இல்லாத பாடங்கள்

ஆன்லைனில் பாடம் போட்டால் ஆசிரியருக்குப் பிரயோசனம் உண்டா என்று கேட்டீர்கள், ஷாஜன் சார். உண்டு. கல்லூரி வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா என்ற உங்கள் யோசனையிலும் தவறில்லை. ஆனால் பாதியில் நிறுத்துகிறவர்களுக்கு இது ஆகாது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆரம்பசூரர்கள்தான் இதில் அதிகம். முடிவு பெறாத பாடத்தைத் தளத்துக்காரர்கள் பின்னால் தள்ளிவிடுவார்கள், பிறகு அது யார் கண்ணிலும் படாது. முடித்துவிட்டீர்களானால் நீங்கள் தூங்கும்போதும் அது ஓடிக்கொண்டிருக்கும். வகுப்பில் அதே பாடத்தை வருடந்தோறும் தொண்டை வற்றக் கத்த வேண்டும். இங்கே ஒருமுறை நன்றாகச் சொன்னால் போதும்.

ஊரில் என்னைப் பற்றிச் சொல்வதும் உங்கள் காதில் விழுந்திருக்கும். கேட்க மனமில்லாமல் காபியை ஆற்றிக்கொண்டிருக்கிறீர்கள். பரவாயில்லை, ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

நானும் ஜிஷாவும் பூதப்பாண்டி வீட்டில்தான் தொடங்கினோம். அதற்கு முன் நாகர்கோவிலில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். ஜிஷா ஜெர்மன் மொழி படித்தவள். நம் பக்கத்தில் நர்ஸுக்குப் படித்த பெண்களுக்குக் குறைவா என்ன? முன்பு வளைகுடாவுக்குப் போனவர்கள் இப்போது ஜெர்மனிக்குப் போகப் பார்க்கிறார்கள், அதற்கு மொழித் தேர்வு எழுத வேண்டும். ஜிஷா தமிழிலேயே சொல்லிக்கொடுத்தாள். நம் நாக்குக்கு வராத ஒரு ஒலி அந்த மொழியில் உண்டு. “வாய ‘ஊ’ண்ணு குவிச்சு வையுங்க, உள்ளுக்க ‘ஈ’ சொல்லுங்க, அவ்வளவுதான் பிள்ளையளே” என்பாள். கேட்கிறவர்களுக்கு உடனே வந்துவிடும். அப்படி ஒரு குரல் அவளுக்கு. அந்தக் குரலுக்காகத்தான் நான் அவளைக் கட்டினேன் என்றால்கூடப் பொய்யில்லை.

அவள் பேசுவாள், நான் செப்பனிடுவேன். அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்க்க வருவார்கள் அல்லவா, அந்தச் சத்தம் ஜன்னலில் மெத்தையை வைத்து அடைத்தாலும் உள்ளே வரும். அதையெல்லாம் எடுத்துவிடுவேன். கல்யாண வீடியோவில் பெண்ணின் அழுகையை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவனுக்கு வாத்து ஒரு பெரிய காரியமில்லை.

மாசியில், கும்பப்பூ அறுப்பு நேரத்தில் அவளுக்குத் தொண்டை கம்மியது. அறுப்புத் தூசி என்று நினைத்தோம். சரியாகாமல் போகவே நாகர்கோவிலில் ஒரு தொண்டை டாக்டரிடம் காட்டினோம். அவர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்து, துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று ஜிஷா வெளியே பெஞ்சில் இருந்தாள். ரெண்டு பேரும் வாருங்கள் என்றுதான் டாக்டர் கூப்பிட்டார். நான்தான் அவளை இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனேன். நம் வீடுகளில் அப்படித்தானே? கெட்ட சேதியை நோயாளி நேரே கேட்கக் கூடாது. ஆண்பிள்ளை கேட்டு, ஆறப்போட்டு, பக்குவமாகச் சொல்ல வேண்டும். என் அப்பாவுக்கு என்ன நோய் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

புற்று என்றார் டாக்டர். ஆரம்பம்தான், கதிர்சிகிச்சையிலேயே மாறிவிடும், குரலும் பெரும்பாலும் தப்பிவிடும், நாளைக்கே திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோங்கள் என்றார். அதுவரை பேச்சைக் குறைக்கச் சொன்னார்.

வெளியே வந்தேன். “என்ன சொன்னாவ?” என்று கேட்டாள். சின்ன சதை வளர்ச்சி, மாத்திரையில் சரியாகும் என்றேன். பக்குவமாகச் சொல்ல எனக்குக் கொஞ்சம் அவகாசம் தேவைப்பட்டது.

அப்போது பாடம் முக்கால் பங்கு முடிந்திருந்தது. பேச்சுத் தேர்வுக்கான பகுதிதான் பாக்கி. இனயத்து ஸ்மிதா ரியாத்தில் வேலை செய்துகொண்டு படித்தவள். “டீச்சர், பேச்சுப் பாடம் எப்பம் வரும்? அது வந்தாத்தான் நான் பரீட்சைக்குப் போவேன்” என்று குரல் பதிவு அனுப்பியிருந்தாள். அப்படி எத்தனையோ பெண்கள் காத்திருந்தார்கள். அவர்களை நடுவழியில் விடுவதா? முடித்துவிட்டுப் போகலாம் என்று முடிவு செய்தேன். ஜிஷாவிடம் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள் என்பது என் நம்பிக்கை.

தெரிந்த மருந்துக்கடையில் வீக்கம் குறைக்கும் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அதைத் தின்றால் கொஞ்ச நேரம் குரல் தெளியும். அந்த நேரத்தில் பதிவு செய்வோம். நாகர்கோவில் டாக்டர் ஒருநாள் போனில் அழைத்து விசாரித்தார். நல்ல மனுஷி. திருவனந்தபுரத்தில் சிகிச்சை நடக்கிறது என்று சொன்னதும் நிம்மதியாக வைத்துவிட்டார்.

போகப்போக இருமல் கூடியது. ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் இருமுவாள். நான் சலிக்கவில்லை. ஒவ்வொரு இருமலையும் எடுத்தேன். கரகரத்த சொல்லைத் தூக்கிவிட்டு, அதே சொல்லைப் பழைய பாடத்திலிருந்து எடுத்து அந்த இடத்தில் வைத்தேன். மூச்சு வாங்குவதைக்கூட எடுத்தேன். வேலை அவ்வளவு சுத்தம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, ஆனால் இந்த மாவட்டத்தில் வேறு எவனும் அப்படிச் செய்திருக்க மாட்டான்.

முடிந்த பாடத்தை அவளுக்குப் போட்டுக் காட்டுவது எங்கள் வழக்கம். பதிவின்போது அவள் காதில் பெரிய ஹெட்போன், பேசுகையில் தன் குரல் எப்படிக் கேட்கிறது என்று அவளுக்குச் சரியாகத் தெரியாது. பாடத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. “எனக்க சத்தம் தெளிஞ்சிட்டு, பாத்தியளா? மருந்து பிடிக்குது” என்றாள். ஆமாம் என்றேன். அன்று மத்தியானம் அவள் சந்தோஷமாகச் சாப்பிட்டாள், அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா.

அவளுடைய அம்மா பகவதியம்மாள் ஒருமுறை வந்திருந்தார். மகள் அடுக்களையில் இருமுவதைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

“மக்கா, பிள்ளைக்க இருமல் எனக்குப் பிடிக்கல்ல. வேற டாக்டர்ட்ட காட்டுவோமா? சுவரு இருந்தாத்தானே சித்திரம்?”

“மாமி, நேத்து எடுத்த பாடத்தக் கேளுங்க” என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். கேட்டார். மகளின் குரல் கண்ணாடி போல இருந்தது. “கொள்ளாமே, நல்லாத்தானே பேசுதா” என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

புரட்டாசியில், கன்னிப்பூ அறுப்புக்குள் பாடம் முடிந்தது. கடைசிப் பாடத்தைப் போட்ட மறுநாளே அவளைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போகக் காரும் சொல்லி வைத்திருந்தேன். என்னைக் குறை சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. ஆனால் அதற்குள் மூச்சு முட்டிவிட்டது, இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் மூச்சுவிடக் கழுத்தில் துளை போட்டுத்தான் அவளைக் காரிலேற்றினோம். அங்கே குரல்பெட்டியை முழுதாக எடுத்தார்கள். எடுத்தும் பயனில்லை, நுரையீரல்வரை போயிருந்தது. எப்போதிருந்து இது என்று அங்கிருந்த டாக்டர் கேட்டபோது ஜிஷா என்னைத்தான் பார்த்தாள். எனக்கு எப்போது தெரியும் என்று அவள் கேட்க விரும்பியிருக்கலாம். கேட்பதற்கு அவளிடம் குரலில்லை. தை பிறப்பதற்குள் போய்விட்டாள். நான் அழுதது ஊருக்கே தெரியும்.

அவளுடைய பாடம் இன்றும் முன்வரிசையில் இருக்கிறது. ஸ்மிதா தேர்வில் ஜெயித்து ஜெர்மனி போய்விட்டாள். “டீச்சருக்க சத்தத்தக் கேட்டாலே தைரியம் வரும்” என்று போன வாரமும் ஒரு பெண் எழுதியிருந்தாள். நன்றி மகளே என்று ஜிஷாவின் பெயரில் பதில் போட்டேன். இதுவரை எந்தக் கேள்வியையும் அவள் பெயரில் பதில் போடாமல் விட்டதில்லை. கல்லூரியில் வேலை பார்த்துச் செத்துப்போன வாத்தியாருக்கு இப்படி யாராவது எழுதுவார்களா, சொல்லுங்கள்? அதனால்தான் பிரயோசனம் உண்டு என்கிறேன்.

மாமி என் முகத்தில் விழிப்பதில்லை. மகளை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் நான் தடுத்துவிட்டேனாம். அது அநியாயம், ஷாஜன் சார். போக வேண்டாம் என்று என் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. போய்ப் பார்ப்போமா என்று அவள் கேட்கும்போதெல்லாம் பாடத்தைத்தான் போட்டுக் காட்டினேன். வேண்டாம் என்றது அவளுடைய குரல்தான்.