ஆடாத மேஜை

இல்லை தம்பி, மேஜைக் காலுக்கு இந்தப் பைப்பு பத்தாது. தட்டிப் பாருங்க, டங்குங்குது, உள்ள காத்துதான் இருக்கு. இதைவிடத் தடிமனா இருக்கிறதைப் போடுங்க. என்னது, மரம் கடையுற இந்தச் சின்ன லேத்துக்கு எதுக்கு இவ்வளவுன்னா? லேத் சின்னதுதான். ரெண்டு பேர் தூக்கிடலாம். ஒரே ஆளு கவுத்ததையும் நான் பாத்திருக்கேன், அதான் சொல்றேன்.

உக்காருங்க. அந்த முக்காலியிலயே உக்காருங்க, பயப்படாதீங்க, இந்த வீட்டுல கால் ஒடியாம இருக்கிற ஒரே சாமான் அதுதான். உள்ள பாத்திரம் சத்தம் கேக்குதுல்ல? மருமகதான். டீ போடுறா.

வேலையில இருந்த காலம் பூரா லேத்துல நின்னவன் நான். ரிட்டயர் ஆனதும் சும்மா உக்கார முடியல, இதை வாங்கிப் போட்டேன். உளிக்குப் பிடி, நாற்காலிக்குக் கால்னு எதையாவது கடைஞ்சுகிட்டுக் கிடப்பேன். அப்ப மேஜையும் நானே செஞ்சதுதான், மரத்துல. நாலு காலையும் போல்ட்டு போட்டு மாட்டினேன். எங்க தொழில் ஆளுங்களுக்கு ஒரு வியாதி உண்டு தம்பி. எதைச் செஞ்சாலும் கழட்டி மாட்டுற மாதிரிதான் செய்வோம். நாளைக்கு ரிப்பேர்னு வந்தா என்ன பண்றதுன்னு ஒரு முன்யோசனை. அந்த முன்யோசனைதான் எனக்கு வினையாப் போச்சு.

பையன் ஒருத்தன்தான் எனக்கு. பிட்டர், மெஷினைக் கழட்டி மாட்டுற வேலை. தொழிலு நான் கத்துக் குடுத்தது. கையில எடுத்தா சுத்தமா முடிப்பான், அதுல குறையே சொல்ல முடியாது. ஒன்றரை மாசம் முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், சட்டையில ஒரு பொத்தான் இல்லை. இவ்வளவுதாங்க விஷயம். நீங்களும் நானும் என்ன பண்ணுவோம், வேற சட்டையை மாட்டிக்குவோம். அவன் தட்டைத் தூக்கிச் சுவத்துல அடிச்சான். அப்புறம் இவ முடியைப் பிடிச்சான். நான் குறுக்க போனேன். என்னை ஒரு தள்ளு தள்ளிட்டு நேரா இங்க வந்து மேஜையைப் பிடிச்சுக் கவுத்தான். லேத் சரியுது. நான் என்ன பண்ணேன்கறீங்க? ஓடிப்போய்ப் பிடிச்சேன்! புத்தி உள்ளவன் ஒதுங்குவான். மெஷின் விழுறதைப் பாத்துகிட்டு நிக்க எனக்கு வராதே. மணிக்கட்டு நொறுங்கிப் போச்சு. இந்தக் கட்டு அதுக்குத்தான். ஆஸ்பத்திரியில வழுக்கி விழுந்துட்டேன்னு சொன்னேன். அந்த நர்சம்மா என் மூஞ்சியவே பாத்துகிட்டுக் கட்டு போட்டுச்சு.

இருங்க, இன்னும் முடியல. கவுந்து கிடந்த மேஜையிலேருந்து ஒரு காலைக் கழட்டினான். போல்ட்டுதானே, சமத்தாக் கழண்டு குடுத்துச்சு. அவ பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ் போட்டுக்கிட்டா. அந்தக் கட்டையாலயே கதவை அடிச்சுப் பொளந்தான். நானே கடைஞ்ச கால் தம்பி, பாலீஷ் எல்லாம் போட்டு வெச்சிருந்தேன். அது அவ முதுகுல விழுற சத்தம் இங்க கேக்குது, நான் தரையில கையைப் பிடிச்சுகிட்டுக் கிடக்கேன். அவ ஓடல, திருப்பித் தள்ளல. குனிஞ்சு, சுருண்டு, முதுகை மட்டும் குடுத்துகிட்டு இருந்தா. ஏன் இப்படி இருக்கான்னு எனக்கு அப்பப் புரியல. அன்னிக்குச் சாப்பாட்டுத் தட்டு பட்ட அந்தச் சுவத்தைப் பாருங்க, ரெண்டு தடவை சுண்ணாம்பு அடிச்சுட்டேன், கறை மறுபடி மேல வருது.

சரி, வேலைக்கு வருவோம். போல்ட்டே வேண்டாம். எல்லாம் வெல்டிங். காலைத் தரையில பள்ளம் தோண்டி இறக்கி, கான்கிரீட் போட்டு மூடிடணும். வீடு இடிஞ்சாலும் மேஜை நிக்கணும். கீழ நாலு பக்கமும் தகடு வெச்சு அடைச்சு, பெட்டி மாதிரி பண்ணிடுங்க. முன்னாடி மட்டும் கதவு. கீல் வெளிய தெரியக் கூடாது. ஆமா, உள்ளதான் இருக்கணும். ஏன்னா கேக்குறீங்க? வாசக் கதவு புதுசா இருக்கே, கவனிச்சீங்களா? போன மாசம் ஒரு நாள் நான் உள்ளேருந்து பூட்டிட்டேன். உதைச்சான், உதைச்சான், கதவு அசையல. அப்புறம் சத்தத்தையே காணோம். போயிட்டான்னு நெனைச்சேன். பாத்தா, வெளிய உக்காந்து ஸ்பானரும் திருப்புளியும் வெச்சு, நிதானமா, கீலைக் கழட்டிகிட்டு இருக்கான். கதவைத் தூக்கி ஓரமாச் சாத்தி வெச்சுட்டு உள்ள வந்தான். ஒரு ஸ்க்ரூ கூடத் தொலைக்கல, எல்லாத்தையும் சட்டைப் பையில போட்டு வெச்சிருந்தான். கத்துறப்ப எனக்கு அவன்கிட்ட அவ்வளவு பயம் இல்ல தம்பி. சத்தம் நின்னு ஸ்பானரை எடுத்தான்னாத்தான் பயம். பெத்த பிள்ளையப் பத்தித்தான் சொல்றேன். வெக்கமா இருக்கு, ஆனா பயம் அதைவிட இருக்கு.

எவ்வளவு தாங்கணும்னா? அரைமணி நேரம். கடப்பாரையால நெம்பினாலும் அரைமணி நேரம் தாங்கணும். லேத் மேஜையை எவன் அரைமணி நேரம் நெம்புவான்னு கேக்காதீங்க, போடுங்க.

மணலா? நல்லாச் சொன்னீங்க, கட்டை சுத்துறப்ப அதிர்வை அது தின்னுடும். ஆனா பெட்டிக்குள்ள வேண்டாம். காலுக்குள்ள கொட்டி வாயை அடைச்சுடுங்க. பெட்டி காலியா இருக்கணும். தட்டு வேண்டாம், நடுவுல சட்டம் வேண்டாம், ஓரமெல்லாம் அரம் போட்டு வழவழன்னு ஆக்கிடுங்க. பின்பக்கம், சுவத்தைப் பாத்த மாதிரி, காத்துக்கு ஓட்டை. சுவத்துலேருந்து ஒரு சாண் தள்ளித்தான் மேஜை நிக்கும்.

உளிக்கு எதுக்குக் காத்துன்னு சிரிக்கிறீங்க. சிரிங்க.

தாழ்ப்பாளை உள்பக்கம் வைங்க.

உள்பக்கம்தான் தம்பி. சரியாத்தான் சொல்றேன்.

போலீஸ்ல சொல்லலையான்னா? ஸ்டேஷனுக்குப் போனோமே. ரெண்டு தடவை வந்தாங்க. வண்டி வாசல்ல நின்னதும் அவனைப் பாக்கணும் நீங்க, அவங்களுக்கு நாற்காலி துடைச்சுப் போடுவான். இப்ப புதுசா ஒரு இன்ஸ்பெக்டரம்மா வந்திருக்காங்க. அடிக்கிறப்பவே கூப்பிடுங்க, அவனைக் கையோட கூட்டிட்டுப் போயிடுறேன்னாங்க. பாலம் தாண்டி வண்டி வரணும், அரைமணி ஆகும். அந்த அரைமணிக்குத்தான் எனக்கு மேஜை வேணும். வேற ஊர்ல ஒரு பொம்பளைங்க விடுதியில அவளுக்கு இடம் கேட்டிருக்கோம், காலி ஆனதும் சொல்றேன்னிருக்காங்க. அதுவரைக்கும் இந்த வீட்டுல எந்தக் கதவையும் நான் நம்பல.

நானா? நான் வெளிய நிப்பேன். ஒரு கைதான் இருக்கு, பாத்துக்கலாம்.

நீங்க வேலை செய்யுறப்ப அவன் வந்து கேப்பான். லேத் ஆடுதுன்னு உங்கப்பா புலம்புறாருன்னு சொல்லுங்க. நம்பிடுவான். லேத் ஆடினா எனக்கு ஆகாதுன்னு சின்ன வயசுலேருந்து அவனுக்குத் தெரியும். ஒருவேளை அவனே ரசமட்டம் கொண்டு வந்து வெச்சுச் சரிபாத்துக் குடுப்பான். குடுத்தா வாங்கிக்கோங்க.

இந்தா, வர்றா. டேப்பைச் சுருட்டி உள்ள வைங்க, அவளை நிக்க வெச்சு அளக்க வேண்டாம். டம்ளரை வாங்குறப்ப கண்ணாலயே அளவு எடுத்துக்கோங்க. உக்காந்து, காலை மடக்கி, தலை இடிக்காம இருக்கணும். இப்ப அஞ்சாம் மாசம். வயிறு இன்னும் வரும், அதுக்கும் சேத்து இடம் விடுங்க.