மணம் பிடிக்கிற மெஷின்

— தம்பி, இன்னொருக்கால் துடைச்சுப் பாரும். உம்மட மெஷினுக்குத் தடிமன் பிடிச்சு மூக்கடைச்சிருக்கும்.

— மூணு தரம் பாத்துட்டன் அங்கிள். ஆன்டிட கையத் தொடச்ச துணிக்கும் கத்துது, ஹேண்ட்பேக்கைத் தொடச்ச துணிக்கும் கத்துது. ஸ்க்ரீன்ல வெடிமருந்துன்டு காட்டுது. நான் என்ன செய்ய?

— வெடிமருந்தோ! என்ர மனிசியிட்டையோ! முப்பத்தாறு வருசமாய் இவவோட இருக்கிறன் தம்பி. இவ வாயால மட்டும்தான் வெடிக்கிறவ.

— இஞ்சருங்கோ, இது பகிடி விடுற இடமே? கேற்றில நிக்கிற ஆமிக்காரன் எங்களையே பார்த்துக்கொண்டு நிக்கிறான். எங்கட அடையாள அட்டையில யாழ்ப்பாணம் எண்டு கிடக்கு, மறந்து போனியளோ?

— ஆன்டி பயப்பட வாணாம். அந்தக் கதிரயில உக்காந்து ஈங்க. போன மாசம் குண்டு வெடிச்ச பொறகு இங்க ரூல் மிச்சம் கடுமை. பத்தரைக்குள்ள காரணம் தெரியாட்டி பொலிசுக்கு கோல் எடுப்பேன்டு எங்கட கிளறன்ஸ் சேர் செல்லிட்டார்.

— பத்தரைக்குத்தானே உள்ளுக்கு எங்கட விசா இன்டர்வியூ! இப்ப என்ன நேரம்?

— பத்து அஞ்சு.

— கடவுளே! இதைத் தவறவிட்டால் இனி ஆறு கிழமைக்குத் தேதி இல்லையாம் தம்பி. மகளுக்கு ஆவணிக் கடைசியில பிள்ளை பிறக்கப் போகுது. முதல் பிள்ளை. மெல்பேர்னில தனியக் கிடந்து தவிக்கிறாள். நான் போகாட்டில் ஆர் அவளுக்கு?

— விளங்குது ஆன்டி. என்டயும் உம்மா இப்பிடித்தான் தாத்தாட, எங்கட மூத்த அக்காட, பிரசவத்துக்கு ஓடினாங்க. சரி, ஒண்டு கேக்கன். ஏதும் மருந்து பாவிக்கிறீங்களா?

— மருந்தோ? இல்லைத் தம்பி. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

— கல்லு மாதிரி இருக்கிறா. உம்மட பேர் என்ன தம்பி? பட்ஜில நிலாம் எண்டு கிடக்கோ? நிலாம், நான் பாலசுந்தரம். அரசாங்க ஆய்வுகூடத்தில முப்பது வருசம் காத்தைப் பிடிச்சுச் சோதிச்ச ஆள். உம்மட மெஷினுக்கு நான் பெரியப்பா முறை.

— காத்தப் புடிக்கிறதா?

— ஓம். நாங்கள் கொட்டாஞ்சேனையில குடியிருக்கேக்க அங்க ஒரு சவர்க்காரக் கொம்பனி இருந்தது. அதின்ர கழிவுக் குழிக்குள்ள இறங்கின ரெண்டு பேர் மயங்கி விழுந்திட்டினம். அடுத்த முறை ஆளை இறக்க முதல் என்னைக் கூப்பிட்டவை. சைக்கிள் பம்புக்குள்ள ஒரு தோல் வாஷர் இருக்கெல்லே, அதைக் கழட்டித் திருப்பிப் போட்டால் பம்ப் காத்தை ஊதாது, இழுக்கும். அதில ஒரு நீட்டு ரியூப், நடுவில ஒரு கண்ணாடிக் குழாய், குழாய்க்குள்ள மருந்து தோய்ச்ச கடதாசி. ரியூப்பைக் குழிக்குள்ள விட்டு ஒரே ஒரு இழுவை. வெள்ளைக் கடதாசி கரிக்கறுப்பு! ஒருத்தரும் இறங்கப்படாது எண்டு சொல்லிப்போட்டன்.

— ஆரைக் கண்டாலும் இந்தக் கதைதான். கலியாணம் முடிச்ச முதல் கிழமையே அந்தப் பம்பைத் தூக்கிக்கொண்டு என்ர குசினிக்குள்ள வந்தவர் தம்பி. ரசத்தில என்ன வாயு வருகுதெண்டு பார்க்கவாம்.

— பெருங்காயம் கூடிப்போச்செண்டு கடதாசி சொன்னது. நான் சொல்லேல்லை.

— நல்ல ஆள்தான் அங்கிள் நீங்க! அப்ப செல்லுங்களே, இது ஏன் கத்துது?

— பாரும். துணியில ஒட்டின தூளை இது சூடாக்கும். ஆவி வரும். அந்த ஆவியை உறிஞ்சிப் பார்க்கும். பொருள் என்னெண்டு அதுக்குத் தெரியும், ஆள் ஆரெண்டு தெரியாது. வெடிமருந்தில இருக்கிறது மாதிரிச் சாமான் உரத்திலயும் கிடக்கு. சரோ, காலமை ஓர்கிட் பூச்செடிக்கு உரம் போட்டனீர் எல்லே?

— அது செவ்வாய்க்கிழமை. இண்டைக்கு வெள்ளி. எத்தினை தரம் கை கழுவியிருப்பன்?

— உரம்ன்டா ஸ்க்ரீன்ல வேற பேர் வரும் அங்கிள்.

— அப்ப கைக்குப் பூசுற கிரீம்! அதில கிளிசரின் இருக்கு. அதுதான், எழுதும்.

— கிரீம் பேக்ல ஈக்கி. தொடச்சே பாப்பமே... பாத்தீங்களா, சத்தமே இல்ல.

— சீன வெடி! வெள்ளவத்தையில எங்கட பக்கத்து வீட்டில கலியாணம். வாசல் முழுக்கப் புகை.

— அது போன மாசமப்பா. ஏன் இப்பிடி வாய்க்கு வந்தபடி அலம்புறியள்? ஒண்டும் சரிவரேல்லை எண்டு தெரியுதுதானே.

— சரிவரும் சரோ. நீர் பேசாமல் இரும்.

— அங்கிள், பத்து பதினஞ்சு. சேர் ஃபோனக் கைல எடுத்துட்டார். நான் ஏதாவது எழுதியே ஆகணும்.

— சரி. எழுதும். ஆய்வுகூடச் சாமான் கொஞ்சம் நான் வீட்டில வைச்சிருந்தனான். அதைத் தொட்ட கையோட இவவின்ர பையைத் தூக்கினனான். பொலிசுக்குச் சொல்லுறதெண்டால் என்ர பேரைச் சொல்லும். இவவை மட்டும் இன்டர்வியூவுக்கு உள்ள விடும்.

— என்ன விசர்க் கதை கதைக்கிறியள்! ரிட்டையரான அண்டே எல்லாத்தையும் திருப்பிக் குடுத்திட்டு வெறுங்கையோட வந்த மனிசன்! தம்பி, எழுதாதேங்கோ. இந்தக் காலத்தில ஒரு தமிழ் ஆள் வீட்டில கெமிக்கல் வைச்சிருந்தவர் எண்டு எழுதினால், இவர் திரும்பி வீட்டை வருவாரோ? உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், எழுதாதேங்கோ.

— அப்ப நீங்க செல்லுங்க ஆன்டி.

— என்ர மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ள ஒரு சின்னக் குப்பி கிடக்கு. எடுங்கோ.

— இது... நாக்குக்குக் கீழ வைக்கிற குளிசையா?

— ஓம். நெஞ்சு நோகேக்க வைக்கிறது. காலமை பஸ்ஸுக்கு நிக்கேக்கயும் ஒண்டு வைச்சனான்.

— அல்லாஹ்! இதுக்குத்தானே ஆன்டி முன்னுக்கே மருந்து கேட்டன்! ட்ரெயினிங்ல செல்லித் தந்தாங்க. வெடிமருந்துல ஈக்கிற அதே சாமான்தான் இந்த நெஞ்சுக் குளிசையிலயும் ஈக்கி. மெஷினுக்கு ரெண்டும் ஒண்டுதான். ஹொஸ்பிட்டல் கார்ட் ஈக்கா?

— இருக்கு. இந்தாங்கோ.

— இது போதும். சேருக்குக் காட்டிட்டு வாறன். எழும்ப வாணாம், ஈங்க.

— சரோ...

— கத்தாதேங்கோ. ஏழு மாசமாய்க் கிடக்கு. வியாழக்கிழமையில ஹெவ்லொக் டவுனுக்கு, சிவமணி அக்கா வீட்டை போறன் எண்டு சொல்லிப்போட்டு களுபோவில ஆஸ்பத்திரிக்குத்தான் போனனான். உங்களுக்குச் சொல்லியிருந்தால் என்னைப் பிளேனில ஏற விடுவியளோ? பயணமே வேண்டாம் எண்டு கதவைச் சாத்தியிருப்பியள். பிள்ளை அங்க தனியப் பெத்துக்கொண்டு கிடக்க, நான் இஞ்ச உங்கட முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறதோ?

— நான் கத்தேல்லையே.

— அதுதான் பயமாக் கிடக்கு. கத்துங்கோவன்.

— இப்ப நோகுதோ?

— இல்லையப்பா. உங்களுக்கு ஒளிச்சதுதான் கூட நொந்தது. ஒவ்வொரு வியாழனும் பஸ்ஸில இருந்து அழுதிருக்கிறன்.

— அழுதனீரோ? மடைச்சி.

— ஓம், மடைச்சிதான். நீங்கள் மட்டும் பெரிய விஞ்ஞானி. உரமாம், கிரீமாம், சீன வெடியாம்! இவ்வளவு கெமிஸ்ட்ரி படிச்ச ஆளுக்கு இந்தக் குளிசை மட்டும் ஞாபகம் வரேல்லை. அந்தத் தம்பிக்கு வந்திட்டுது.

— வயசு போட்டுது சரோ.

— அங்கிள், ஆன்டி, எல்லாம் சரி! கிளறன்ஸ் சேர் கையெழுத்துப் போட்டுட்டார். இன்னம் எட்டு நிமிசம் ஈக்கி. போகலாம்.

— நல்லாயிருப்பீங்கள் தம்பி. உங்கட உம்மாவுக்கும் நான் கும்பிட்டதாச் சொல்லுங்கோ. வாங்கோப்பா, கெதியா.

— அங்கிள் மட்டும் ஒரு நிமிசம். ஆன்டிக்குக் கத்தின உடன நிப்பாட்டிட்டோம், உங்களத் தொடைக்கவே இல்ல.

— என்னை ஏன் தம்பி? நேரம் போகுது. சரோ, நீர் முதல்ல உள்ளுக்குப் போம்.

— ரூல் அங்கிள். கைய நீட்டுங்க. ஷேர்ட் பொக்கட்டும் ஒருக்கா... அடடா, இதுக்கும் கத்துதே!

— ஐயோ! உங்களுக்குமோ? உங்களுக்கும் நெஞ்சோ? எத்தினை நாளாய்? என்னட்டச் சொல்லாமல் இப்பிடி...

— கொஞ்சம் ஈங்க ஆன்டி. பொக்கட்டுல அதே குப்பிதான். ஆனா லேபலப் பாருங்களே. இதிலயும் சரோஜினிதேவி பாலசுந்தரம்ன்டுதானே எழுதி ஈக்கி?

— என்ர பேரோ?

— பக்கத்தில இருக்கிற ஆளிட்டையும் ஒரு குப்பி இருக்கவேணும் எண்டு, உமக்குத் தெரியாமல் நான் களுபோவிலவுக்குப் போகேக்க உம்மட டொக்டர் சொன்னவர். பிளேனில கூட்டிக்கொண்டு போகலாமோ எண்டும் கேட்டனான். போகலாமாம்.

— அப்ப இவ்வளவு நேரமும் உரம், கிரீம் எண்டு... உங்களுக்கு எல்லாம் தெரியுமே?

— ஏழு மாசமாய் நீர் எனக்கே சொல்லாமல் வைச்சிருந்ததை, நான் போய் இந்த மெஷினுக்குச் சொல்லுறதோ?