சிவப்புச் சீட்டு ஒட்டிய வீடு

இப்போதெல்லாம் யாரும் எதிரில் இருக்கிற ஆளோடு சண்டை போடுவதில்லை. வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு பேரும் போனைப் பார்த்துக் குனிந்துகொண்டு, முகம் தெரியாத எவனோடோ மல்லுக்கட்டுகிறார்கள். அதுவும் சொத்துக்காகவா என்றால் இல்லை. இல்லாத கிரகத்துக்கு இல்லாத வண்டி போனால் அதில் யார் முதலில் ஏறுவது என்பதற்காக. என் வீட்டில் நாலு பேர் இல்லை. நானும் என் வீட்டுக்காரியும்தான். அதில் ஒருத்தி குனிந்துவிட்டால் மிச்சம் ஒரு ஆள்தான்.

என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள், ஐயா. அஞ்சாவதோடு நின்றவன். எழுத்து கோணலாக இருக்கும், விஷயம் நேராக இருக்கும்.

முப்பத்தெட்டு வருஷம் லைன்மேனாக இருந்தேன். ஒரு கம்பியில் கரண்ட் ஓடுகிறதா இல்லையா என்று கிட்டப் போகாமலே சொல்லிவிடுவேன். படிப்புதான் ஏறவில்லை. எழுத்துக்கூட்டி ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். அவள் பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவள். கல்யாணம் ஆன மறுவாரத்திலிருந்து எனக்கு வருகிற கடுதாசி, ஆபீஸ் உத்தரவு, செய்தித்தாள் எல்லாம் அவள்தான் வாசிப்பாள். ஓய்வு பெற்ற பிறகு அதற்கென்றே ஒரு நேரம் வைத்துக்கொண்டோம். சாயங்காலம் நாலு மணி. ஜன்னல் பக்கத்து நாற்காலியில் நான், கட்டில் ஓரத்தில் அவள். தலைப்புச் செய்தியில் தொடங்கி, காணவில்லை விளம்பரம் வரைக்கும் வாசிப்பாள். நடுவில் “கேக்கறீங்களா, தூங்கிட்டீங்களா?” என்பாள். நான் யாரையும் சுலபத்தில் நம்பாதவன். ஆனால் அவள் வாசித்தால் பொய்ச் செய்திகூட எனக்கு உண்மை மாதிரிதான் இருக்கும்.

மருமகன் அவளுக்குப் போன் வாங்கிக் கொடுத்து, நம்ம ஊர்க்காரர்கள் இருக்கிற ஏதோ ஒரு அரட்டைக் குழுவில் சேர்த்துவிட்டார். “அத்தைக்குப் பொழுது போகும் மாமா” என்றார். எனக்கு எப்படிப் போகும் என்று அவர் கேட்கவில்லை.

அந்தக் குழுவில் இருக்கிறவர்களுக்கு விஞ்ஞானக் கதை படிக்கிறதும், அதில் வருகிற மெஷின் செய்தது நியாயமா என்று தர்க்கம் பண்ணுகிறதும்தான் வேலை. யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. இவள் பெயர் மூக்குக்கண்ணாடி. முதலில் என்னிடமும் கேட்பாள்.

“ஏங்க, டிரைவர் இல்லாத கார் ஒண்ணு. பிரேக் பிடிக்கலை. இந்தப் பக்கம் ஒரு கிழவன், அந்தப் பக்கம் ரெண்டு குழந்தைங்க. கார் யாரை இடிக்கணும்?”

“பிரேக்கைச் சரிபார்க்காம வண்டியை வெளிய விட்டவனை.”

சிரித்துக்கொண்டே எதையோ தட்டினாள். என்ன தட்டினாள் என்று நான் கேட்கவில்லை.

இன்னொரு நாள், “நான் போய்ச் சேர்ந்தப்புறம் என் குரல்லயே பேப்பர் படிக்கிற மெஷின் வந்தா வாங்கி வெச்சுக்குவீங்களா?” என்றாள்.

“நீ இருக்கும்போதே பேப்பர் மடிச்சபடி கிடக்கு. போனப்புறம் எதுக்கு மெஷின்?” என்றேன்.

“பொறாமையைப் பாரு” என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் சரியாகச் சொன்னாள்.

அந்தக் குழுவில் ஒருவன் இருந்தான். செவ்வாய்க்காரன் என்று வைத்துக்கொண்டிருந்தான். செவ்வாய்க் கிரகத்துக்கு ஆள் அனுப்பினால் தன்னைத்தான் அனுப்ப வேண்டும், தனக்குச் சாப்பாடு கொஞ்சம், வெளியே போகிற பழக்கமும் இல்லை என்று எழுதுவானாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சரியாக நாலு மணிக்குத்தான் அவன் வருவான். என் நாலு மணிக்கு. இவள் ஒரு வரி எழுதினால் அவன் இரண்டு எழுதுவான். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் தெரியாது. அவள் குளிக்கப் போகும்போது போனை எடுத்து எழுத்துக்கூட்டிப் பார்ப்பேன். தப்பாக ஒன்றும் இருக்காது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். தப்பாக ஏதாவது இருந்திருந்தால் இரண்டு சத்தம் போட்டு முடித்திருப்பேன்.

கடைசியாக நடந்த தர்க்கம் இதுதான். ஆகாயக் கப்பலில் ஒரு மெஷின் இருக்கிறது. மனுஷன் மாதிரிப் பேசும், பயப்படும். கப்பலில் மின்சாரம் குறைகிறது. மெஷினை அணைத்தால் அது கொலையா? இவள் கொலைதான் என்றாள். அவன் இல்லை என்றான். “திரும்பப் போட்டால் விட்ட இடத்திலிருந்து பேசும். அதற்குப் பெயர் தூக்கம்” என்று எழுதியிருந்தான். பன்னிரண்டு நாள் ஓடியது.

அதன் நடுவில் அவன் ஒரு வரி எழுதினான். “எங்கள் வீட்டு மீட்டர் பெட்டியில் சிவப்புச் சீட்டு ஒட்டியிருக்கிறார்கள், அதனால் மின்சாரத்தைப் பற்றி என்னோடு யாரும் வாதாட வேண்டாம்” என்று. அதற்கும் ஒரு சிரிப்புப் படம் போட்டிருந்தான்.

சிவப்புச் சீட்டு என்றால் அந்த வீட்டில் ஒரு உயிர் மெஷினில் இருக்கிறது என்று அர்த்தம். லைனை நிறுத்துவதற்கு முன்னால் கதவைத் தட்டிச் சொல்ல வேண்டும். ஊர் முழுக்க மூன்றே மூன்று. இரண்டில் இருந்தவர்கள் காலமாகிவிட்டார்கள். மூன்றாவது சீட்டை என் கையாலேயே ஒட்டினேன்.

போய்ப் பார்த்தேன். பழைய லைன்மேன், பக்கத்துத் தெருவுக்கு வந்தேன், லைன் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டேன். அவனுடைய அக்கா கதவைத் திறந்தாள். வீட்டிலேயே துணி தைத்துக் கடைக்குக் கொடுக்கிறவள்.

“சாமி மாதிரி வந்தீங்க ஐயா. தினமும் மூணரைக்குக் கடைக்குப் போய்த் துணி கொடுத்துட்டு வருவேன். முக்கால் மணி நேரம் தம்பி தனியா இருக்கான். கரண்ட் போனா இந்த பேட்டரி தாங்குமா?”

உள்ளே போனேன். முப்பது வயது இருக்கும். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. தொண்டையில் குழாய், பக்கத்தில் மூச்சு மெஷின். முகத்துக்கு நேரே ஒரு திரை. கண்ணை அசைத்தே எழுதுகிறான். இவனா என் எதிரி என்று எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் திரையில் என் வீட்டுக்காரி எழுதினது இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் அளவு. காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் இவனுக்கு வேறு வேலையே இல்லை, நாள் முழுக்க அவளையே வாசித்துக்கொண்டு கிடக்கிறான் என்று தோன்றியது. நாற்பத்தோரு வருஷத்தில் நான் அவளை அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை.

என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். “வணக்கம் சொல்றான்” என்றாள் அக்கா.

பேட்டரியைப் பார்த்தேன். வயிறு வீங்கி, முனையில் பூத்துப்போயிருந்தது. பத்து நிமிஷம் தாங்கினாலே அதிசயம்.

“ரெண்டு மணி நேரம் தாராளமா வரும்மா. பயப்படாம போயிட்டு வா” என்றேன்.

கையெடுத்துக் கும்பிட்டாள்.

மறுநாள் மூன்றே முக்காலுக்கு அவன் தெருமுனையில் இருக்கிற ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். சாவியை நான் ஒப்படைக்கவே இல்லை, அதைக் கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. ஃபியூஸ் கட்டையை உருவிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இஸ்திரிக் கடைக்காரர் வெளியே வந்தார்.

“என்ன பெரியவரே, ஓய்வு குடுத்தும் உங்களை விடமாட்டேங்கறாங்களா?”

“சும்மா இருந்தா கை அரிக்குதுய்யா.”

“எப்போ வரும்?”

“இருபது நிமிஷம்.”

சொன்ன சொல் தவறவில்லை. இருபதாவது நிமிஷம் கட்டையைத் திரும்பச் சொருகினேன். நடுவில் மெஷின் கத்தியிருக்கும். கேட்க ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். பேட்டரி நின்றால் மூச்சு நிற்கும் என்றும் தெரியும். கை தவறி நடந்தது என்று எழுதிக்கொள்ளாதீர்கள், தெரிந்துதான் செய்தேன். ஆனால் ஒன்று. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் அது கொலை இல்லை என்று சொன்னது அவன்தான், நான் இல்லை. நான் போட்டுவிட்டேன். எழுந்திருக்காதது அவன் பாடு.

வீட்டுக்கு வரும்போது போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நாலே முக்கால் ஆச்சு, செவ்வாய்க்காரனைக் காணோமே” என்றாள்.

“கரண்ட் போயிருக்கும்” என்றேன்.

கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போனை ஜன்னலில் வைத்துவிட்டுப் பேப்பரைப் பிரித்தாள். ஏழு மாதம் கழித்து, தலைப்புச் செய்தியிலிருந்து வாசித்தாள். நடுவில் “கேக்கறீங்களா?” என்றாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நல்லா இருந்தது, ஐயா. பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டு நாளில் குழுவில் சேதி வந்துவிட்டது. துக்கம் விசாரிக்கப் போக வேண்டும், துணைக்கு வாங்க என்றாள். விலாசத்தை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருந்தாள். நான் அதைப் பார்க்கவே இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கினதும் முன்னால் நடந்தேன், இரண்டாவது சந்தில் திரும்பினேன், வாசலில் போய் நின்றேன். அவ்வளவு வருஷம் அந்தத் தெருக்களில் நடந்த கால், அது பாட்டுக்குப் போய்விட்டது.

“வீடு எப்படிங்க தெரியும்?” என்றாள்.

நான் பதில் யோசிப்பதற்குள் அக்கா கதவைத் திறந்துவிட்டாள். “வாங்க ஐயா. நீங்க பேட்டரி பார்த்துக் கொடுத்தும்கூட அவனுக்குக் கொடுத்து வைக்கலை” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

என் வீட்டுக்காரி அழவில்லை. என்னைப் பார்த்தாள். அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தாள்.

இன்று காலையில் அவளை இங்கே உட்காரவைத்து, அவர்கள் எழுதிக்கொண்டதையெல்லாம் தாளில் எடுத்துக் கொடுத்து எனக்கு வாசிக்கச் சொன்னீர்கள். உங்கள் எண்ணம் எனக்குப் புரிகிறது. ஏழு மாதமும் அவள் அவனிடம் பேசியது என்னைப் பற்றித்தான் என்று காட்டப் பார்த்தீர்கள். பிரேக்கைச் சரிபார்க்காதவனைத்தான் இடிக்கணும் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார் என்று வாசித்தாள். கதவைத் தட்டாமல் அவர் ஒரு லைனையும் நிறுத்தினதில்லை, மெஷினோ மனுஷனோ சொல்லாமல் அணைப்பது தப்பு என்று அவரே சொல்வார் என்று வாசித்தாள். அதற்கு அவன், அப்படியானால் நான் தோற்றேன், அவரை ஒரு நாள் அழைத்து வாருங்கள், பார்க்க வேண்டும் என்று எழுதினானாம்.

இருக்கலாம். தாளில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அடிக்கலாம். அவள் பார்த்து வாசித்தாளோ, மனசிலிருந்து வாசித்தாளோ, எனக்கென்ன தெரியும். வாங்கிப் பார்த்திருக்கலாம் என்பீர்கள். எழுத்துக்கூட்டும் பொறுமை எனக்கு இல்லை.

மூன்றாவது தாளில் அவளுக்குக் குரல் உடைந்தது. தொடர்ந்து வாசிக்க முடியவில்லை. யாருக்காக அழுகிறாய் என்று கேட்டேன். தாளை மடித்து மேஜையில் வைத்தாள். எனக்காக அவள் ஒரு நாளும் அப்படி அழுததில்லை, ஐயா. மிச்சத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து லாக்கப்புக்குள் வந்துவிட்டேன்.