தாத்தாவுக்கு வேண்டிக்கிட்ட படம்

— அந்தப் படத்தோட முடிவு சரியா ஞாபகம் இல்லம்மா. ஞாபகம் இருக்கறதும் நிஜமான்னு தெரியலை. ஜப்பான்ல, ரூம்ல பொண்ணுங்களோட பாத்தது. பாதிப் பேர் நடுவுலயே எழுந்து போயிட்டாங்க.

— அரைகுறையா இருந்தாலும் சொல்லு, லம்துவான். முடிவைச் சொல்லாம நான் எப்படி ஊர்க் காவல் தாத்தா கோயில் முன்னாடி போய் நிக்கறது? என் பொண்ணு நல்லபடியா வீடு வந்து சேர்ந்தா உனக்கு ஒரு படம் ஓட்டறேன்னு வேண்டிக்கிட்டேன். பாதிப் படம்னு வேண்டிக்கலை.

— தாத்தா ஆவிதானே. மிச்சத்தை எங்கயாச்சும் போய்ப் பாத்துக்குவார்.

— வாயைக் கழுவு. நேத்து ஊரே பாய் விரிச்சு உட்கார்ந்திருந்துச்சு. நல்லா ஓடிக்கிட்டிருந்த படம். நீ எழுந்து போயி ஜெனரேட்டர் ஒயரைப் பிடுங்கிட்டே.

— கால் தடுக்கிருச்சு.

— கால் தடுக்கினா ஒயர் எப்படிடி கைக்கு வரும்?

— விடும்மா. அடுப்புல தண்ணி வத்துது பாரு, அரிசி வேகாது.

— வத்தட்டும். படம் ஓட்டற கேன் மாமா திரையைச் சுருட்டறப்போ ஒரு வார்த்தை பேசலை, மனுஷனுக்கு அவ்வளவு கோபம். சொல்லு. படத்துல அவ பெட்டியோட பஸ்ஸைவிட்டு இறங்கினா. அப்புறம்?

— அப்புறம் என்ன, வீட்டுக்குப் போனா. அம்மாக்காரி ஓடி வந்து கட்டிக்கிட்டா. பெரியவங்க அவ மணிக்கட்டுல வெள்ளை நூல் கட்டி, அலைஞ்ச உயிரே திரும்பி வான்னு கூப்பிட்டாங்க. அவ்வளவுதான்.

— அவ ஊரைவிட்டுப் போயி செஞ்ச ராத்திரி வேலையைப் பத்தி?

— யாரும் கேக்கலை.

— அது எப்படிக் கேக்காம இருப்பாங்க?

— நீ கேட்டியா? நூடுல்ஸ் கடையில வேலைன்னேன், சரின்னே. இத்தனை வருஷத்துல ஒரு தரமாச்சும், அந்த நூடுல்ஸ்ல என்னடி போடுவீங்கன்னு கேட்டிருக்கியா? இப்ப மட்டும் நோண்டு.

— எனக்குக் கேக்கத் தெரியலை.

— சரி விடு. எல்லாம் அந்தக் கேன் மாமாவைச் சொல்லணும். ஒரு பேய்ப் படம், சண்டைப் படம் கிடைக்கலையா அவருக்கு? கோயில்ல ஓட்ட இதுதான் கிடைச்சுதா?

— அவர்கிட்ட எல்லாம் இருந்துச்சு. நான்தான் இதைக் கேட்டு வாங்கினேன்.

— நீயா? என்ன கதைன்னு தெரியாம…

— தெரிஞ்சுதான். முடிவையும் கேட்டுக்கிட்டேன். நூலும் கட்டலை, ஒண்ணும் கட்டலை. அம்மாக்காரி கதவையே திறக்கலையாம். அவ அனுப்பின காசுல அண்ணன் லாரி ஓட்டறான். தங்கச்சிக்குக் கல்யாணம் ஆயிருச்சு. அவ மட்டும் அதே பஸ்ல திரும்பிப் போயிடறா.

— தெரிஞ்சும் என்னை ஊர் நடுவுல உட்கார வச்சியா? ஏம்மா?

— அந்தக் கதவு திறக்காத இடம் வர்றப்போ, ஊர் பாக்க உன் கையைப் பிடிச்சுக்கணும்னுதான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். அதுக்குள்ள எழுந்து போயிட்டியேடி.