ஒரு மணி பின்தங்கிய கணினி

நான் எந்த இடத்துக்கும் தாமதமாகப் போனவன் இல்லை. இன்றைக்குக்கூட நீங்கள் பத்து மணிக்கு வரச் சொன்னீர்கள். ஒன்பதே முக்காலுக்கே வந்து ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் பட்டறையில் இரும்புக் கட்டில்களுக்குப் பெயின்ட் அடித்து, ஆள் நுழையும் அளவுள்ள சூட்டறையில் காயவைப்போம். தினமும் தன் கடிகாரத்தில் ஒன்றரை ஆனதும் கதவைப் பூட்டுவதும் சூட்டைக் கிளப்புவதும் என் மேசைக் கணினிதான். கோடை வந்தால் இந்த நாட்டில் எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். எங்கள் கணினி மட்டும் தள்ளாது. அதற்கான கட்டத்தில் டிக் இல்லை. கணினியில் ஒன்றரை என்றால் வெளியே இரண்டரை. எல்லாரும் மனதுக்குள் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வேலையை ஓட்டினார்கள்.

சரிசெய்துவிடலாம் என்று இரண்டு கோடையாகக் கேட்டேன். மேஸ்திரி என் அக்கா கணவர். மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

"ஒண்ணக் கூட்டிக்க மாப்ள, விரல் இல்லியா உனக்கு?" என்பார். பட்டறையே சிரிக்கும். கடிகாரம் என்று எனக்குப் பட்டப்பெயரும் வைத்தார். மற்றபடி தங்கமான மனிதர்.

அன்று மற்றவர்கள் சாப்பிடப் போனபின், ஒன்று பத்துக்கு மாமா துடைப்பத்தோடு சூட்டறைக்குள் போனார். இரண்டரைக்குத்தானே சூடு ஏறும் என்பது அவர் கணக்கு. நான் டிக் போட்டேன். பன்னிரண்டு பத்து, ஒன்று பத்தானது. பார்க்க நிறைவாக இருந்தது.

பிறகுதான் பயம் வந்தது. கணினி ஒன்றரையைத் தொட இன்னும் இருபது நிமிடம். சூட்டறை முப்பது அடி தூரம். உள்ளே அவர் எதையோ முணுமுணுத்துப் பாடுவது கேட்டது. பயத்தில் கால் எழவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். டிக்கை எடுக்கக் கால் எதற்கு என்று கேட்பீர்கள். சரியாக இருப்பதை நான் எப்படித் தப்பாக்குவேன்?

கதவு பூட்டிக்கொண்டது. தட்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அது நின்றபின் டிக்கை எடுத்துவிட்டேன். கணினி பழையபடி ஒரு மணி நேரம் பின்னால் போனது.

மாலையில் அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "எத்தனை மணிக்குடா?" என்று கேட்டாள்.

டிக்கை எடுத்தபின் கணினி பூட்டிய நேரமாகக் காட்டியதை, ஒன்றைக் கூட்டாமல் அப்படியே சொன்னேன். "பன்னெண்டரைக்கு."

அக்கா அழுகையை நிறுத்தினாள். "ஒரு மணிக்கு எங்கூட போன்ல பேசுனாரேடா."

அதுவரை நான் யாருக்கும் தப்பான நேரம் சொன்னதில்லை. நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.