கனமான பொட்டலம்

பேஸ்பால் அட்டைப் பொட்டலத்தைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது, தம்பி. விரலால்தான் கிழிக்க வேண்டும். கிழித்ததும் மூக்கருகே கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். புது மை வாசம் குப்பென்று வரும். என் வீட்டுக்காரர் வெண்டல் அப்படித்தான் செய்வார். எங்களோடு அட்டை சேர்க்கும் கர்டிஸும் அப்படித்தான். இதை எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டொலீடோவில் ரோஸ்கோவின் அட்டைக்கடைக்குச் சனிக்கிழமை தவறாமல் போவோம். எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பிரிப்போம். உள்ளே எந்த ஆட்டக்காரன் படம் போட்ட அட்டை இருக்கும் என்பது பிரித்தால்தான் தெரியும். நுரையீரலில் கட்டி வந்து சக்கர நாற்காலியில் விழுந்த பிறகும் வெண்டல் விடவில்லை. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு அட்டை. ஜெரோம் பிட்மன் எங்கள் தெருப் பையன். எங்கள் கார் கொட்டகைக் கதவில் பந்தெறிந்து எறிந்தே பெரிய ஆட்டக்காரன் ஆனவன். அவன் போட்டு ஆடிய சட்டையில் ஒரு துண்டும் அவன் கையெழுத்தும் வைத்து அட்டை வந்திருந்தது.

பொட்டலத்தைக் கையில் வாங்கும்போது வெண்டலின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வலியெல்லாம் எங்கோ ஓடிப்போகும். பிரித்தால், போன வாரம் வந்த அதே மூஞ்சிகள். "சரி விடு மார்லீன், அடுத்ததுல இருப்பான்" என்பார். அந்த அடுத்தது வரவே இல்லை.

ஏன் வரவில்லை என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சட்டைத் துணி வைத்த அட்டை தடிமன், எடை கூடும். கர்டிஸ் சட்டைப்பையில் ஒரு குட்டித் தராசு வைத்திருந்தான். கடை திறந்ததும் முதல் ஆளாக நுழைந்து, புதுப் பெட்டியில் உள்ளதையெல்லாம் நிறுத்துப் பார்த்துக் கனமானதைப் பொறுக்கிக்கொள்வான். நாங்கள் வாங்கியதெல்லாம் அவன் கழித்துப் போட்ட சக்கை. ரோஸ்கோ பார்த்தும் பாராதவன் போல இருந்தான்.

ஒரு நாள் கர்டிஸிடம் கேட்டேவிட்டேன்.

"இதுல என்னக்கா தப்பு? வெண்டல் அண்ணனுக்கு வேணும்னா கொஞ்சம் சீக்கிரமா எந்திரிச்சு வரச் சொல்லுங்க" என்று சிரித்தான்.

எழுந்து நிற்கவே முடியாத மனுஷனைப் பற்றித்தான் அப்படிச் சொன்னான். மேசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். வெண்டலும் சிரித்தார். அவர் அப்படிப்பட்டவர். கர்டிஸுக்கு வேர்க்கடலை ஆகாது, அதன் தூள் பட்டாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். பேஸ்பால் என்றால் வறுத்த கடலை இல்லாமல் இருக்க மாட்டார் வெண்டல். அவனுக்காக அதையும் விட்டார்.

வெண்டல் ஆஸ்பத்திரியில் பாதி கிழித்த பொட்டலத்தோடு போய்ச் சேர்ந்தார். மீதியை நான்தான் கிழித்தேன். அதுவும் சக்கை.

அடக்கம் முடிந்து தேவாலயத்தில் சாப்பாடு. கர்டிஸ் தட்டோடு வந்து போனில் ஒரு படம் காட்டினான். "போன மாசமே ஜெரோம் நம்ம கையில மாட்டிட்டான்க்கா. அண்ணன் பார்த்திருந்தா துள்ளிக் குதிச்சிருப்பாரு." நான் அவனுக்கு இன்னொரு துண்டு ஆப்பிள் கேக் வைத்தேன். கடலை கலந்திருக்கிறதா என்று செய்தவளிடம் கேட்டுவிட்டுத்தான் வைத்தேன். அன்றைக்கு அவனுக்கு எதுவும் ஆகக் கூடாது என்று நினைத்தேன்.

பிறகு ஒரு பொட்டலம் வாங்கி, பின்புற மடிப்பைப் பிரித்து அட்டைகளை எடுத்தேன். தடித்த அட்டை ஒன்றை வைத்து, கடலையை மாவாக அரைத்துத் தூவினேன். முடியை நேராக்கும் சூட்டு இடுக்கியால் அழுத்தி ஒட்டினேன். அச்சு அசலாக இருந்தது. சனிக்கிழமை கர்டிஸுக்கு முன்னாலேயே போய், ரோஸ்கோ கதவைத் திறந்ததும், விளக்குப் போட்டு வருவதற்குள் புதுப் பெட்டியில் சொருகினேன். வேறு யாராவது எடுத்திருந்தால் என்கிறீர்கள். அவர்களுக்குத் தும்மல் வந்திருக்கும், அவ்வளவுதான். தராசு வைத்திருந்தவன்தான் அதைத் தேடி எடுத்தான். நான் அவன் கையில் கொடுக்கவில்லை.

அன்றைக்குக் கர்டிஸ் வந்ததும், "அக்கா, உங்களுக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கேன். எல்லாரும் வரட்டும், அப்புறம் தர்றேன்" என்றான். ஜாக்கெட்டை நாற்காலியில் போட்டுவிட்டு நிறுக்கப் போனான். கசங்குமே என்று நான் அதை உள்ளறையில் மாட்டிக் கதவைச் சாத்தினேன். தொண்டை அடைத்தால் உடனே போட்டுக்கொள்ளும் அவனுடைய ஊசிமருந்து அந்த ஜாக்கெட்டில்தான் இருக்கும் என்பது கடையில் எல்லாருக்கும் தெரியும்.

கிழித்தான். மூக்கருகே கொண்டுபோனான். ஒரு இழுப்பு.

"ஜாக்கெட் எங்கடா? யாராவது பார்த்தீங்களா?" என்று ரோஸ்கோ தொண்டை கிழியக் கத்தினான். எனக்குக் கேட்கவில்லை என்று நேற்று உங்களிடம் சொன்னேன். கேட்டது. மேசையில் சிதறிக் கிடந்த அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஜாக்கெட்டின் இன்னொரு பையில் ஜெரோம் அட்டை இருந்ததாகச் சொல்கிறீர்கள். வெண்டலின் கல்லறையில் வைக்கச் சொல்லி எனக்குக் கொடுக்கத்தான் கொண்டுவந்தான் என்று ரோஸ்கோ அழுகிறானாம். தெரியும், தம்பி. மாட்டும்போதே கையில் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி உறைமேல் வெண்டலின் பெயரை எழுதியிருந்தான். பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். அதற்குப் பிறகுதான் கதவைச் சாத்தினேன். வந்ததும் அதைக் கொடுத்திருக்கலாமே. தராசைத்தானே முதலில் எடுத்தான்?

விசாரணை முடிந்ததும் அந்த அட்டையை மறக்காமல் என்னிடம் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாவம், கர்டிஸின் கடைசி ஆசை நிறைவேறாமல் போய்விடும்.