பிரகதாம்பாள் வைத்த இரண்டாவது காதுகுத்து

சங்கத் தலைவர் ஐயா வீரய்யா அவர்களே! மனைவியைப் பறிகொடுத்த துக்கத்திலும் எங்களுக்காக வந்து அமர்ந்திருக்கும் அண்ணன் திருப்பதி அவர்களே! அவர் மகள் ரஞ்சிதா அவர்களே! நிறுவனத்தின் சார்பில் மாலையோடு வந்திருக்கும் மனிதவள அலுவலர் வசந்தகுமார் சார் அவர்களே! கீரனூர் வேன், ஆவூர் வேன், கொடும்பாளூர் வேன் என்று தனித்தனியாக ஏறி வந்து, குன்றாண்டார்கோவில் சமுதாயக் கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் தையல், செக்கிங், அயர்னிங் பிரிவுச் சகோதரிகளே! கட்டிங் பிரிவில் வேலை பார்க்கும் சந்தனராஜ் உங்கள் எல்லோரையும் வணங்கி நிற்கிறேன்.

நம்முடைய தொழிலாளர் குழுவின் தலைவர், தையல் பிரிவின் சிங்கம், தோழர் பிரகதாம்பாள் அம்மையார் மாரடைப்பால் மறைந்து இன்றோடு பதினோரு நாள். அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். ஆனால் அவரைப் பற்றிப் பேச எழுந்தால் எனக்குச் சிரிப்புத்தான் முந்திக்கொண்டு வருகிறது. என்ன செய்ய? அப்படிப்பட்ட மனுசியோடு அல்லவா வேலை பார்த்திருக்கிறேன்!

நாம் தைப்பது என்ன? குல்லா வைத்த பனியன். அதன் நெஞ்சில் என்ன இருக்கிறது? நம் வாயில் நுழையாத அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் பெயர். அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள அனுமதி கொடுக்கும்போதே, தைப்பவர்களை ஒழுங்காக நடத்த வேண்டும் என்று அவர்கள் நிபந்தனையும் வைத்திருக்கிறார்கள். இதை நமக்கு யார் விளங்க வைத்தது? வகுப்பெடுக்க வந்தவர்கள் படம் போட்டுக் காட்டினார்கள். நாம் கொட்டாவி விட்டோம். சாப்பாட்டு இடைவேளையில் பிரகதாம்பாள் அம்மா ஒரே பேச்சில் முடித்தார்.

"ஏண்டி, கல்யாணப் பத்திரிகையில தாய்மாமன்னு பேரைப் போட்டுட்டா சீர் செய்ய வரணுமா, வேணாமா? பனியன்ல பேரைப் போட்டவுகளும் அப்படித்தான். பேரு மட்டும் இருக்கும், நாங்க வர மாட்டோம்னா விடுவமா?"

விடவில்லை! பிரகதாம்பாள் அம்மா விடவே இல்லை!

அப்போது நம் தொழிற்சாலையின் பின்கதவு எப்படி இருந்தது? பூட்டியிருந்தது. துணி திருட்டுப் போகிறது என்று சொல்லி ஷிப்ட் முழுக்கப் பூட்டியே வைத்திருந்தார்கள். உள்ளே அத்தனை பெண்கள், மலை மலையாகத் துணி, சூடான அயர்னிங் மேசை. தீப்பிடித்தால் ஓட ஒரே ஒரு முன்வாசல். அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டேதான் தினமும் ஊசியில் நூல் கோத்தோம்.

பல்கலைக்கழகங்களின் சார்பில் ஆய்வுக்கு வந்தவர் ஷீபா மேடம். வருவதற்கு ஒரு வாரம் முன்பே என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் தயாராகிவிட்டது. அதைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை வசந்தகுமார் சார் யாரிடம் கொடுத்தார்? குரல் பெரிது என்று பிரகதாம்பாள் அம்மாவிடம்! சார், உங்களுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா?

சொல்லிக்கொடுத்தார். வேனில் போகும்போதும் வரும்போதும் வாய்ப்பாடு மாதிரிச் சொல்லிக்கொடுத்தார். ரோட்டோரம் ஆடு மேய்ப்பவர்களுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. ஆய்வு நாளும் வந்தது. கொடும்பாளூர்ப் பொன்னுத்தாயை முதலில் கூப்பிட்டார்கள். இதோ, மூன்றாவது வரிசையில் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறாரே, அவரைத்தான்.

"உங்க பேர் என்னங்க?" என்று கேட்டார் ஷீபா மேடம்.

"பின்கதவு எப்போதும் திறந்தே இருக்கும்!" என்றார் பொன்னுத்தாய்.

அடுத்து ஜெபமாலையம்மாள். "வாங்க, உட்காருங்க" என்றார் மேடம். "பின்கதவு எப்போதும் திறந்தே இருக்கும்!" அதற்கடுத்து வந்தவர் உட்காரக்கூட இல்லை, வாசலில் நின்றே ஒப்பித்துவிட்டார். அன்று கதவு உண்மையிலேயே திறந்துதான் இருந்தது. ஆனாலும் மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வசந்தகுமார் சார் கொதித்துப்போய் அம்மாவைக் கூப்பிட்டார். அம்மாவோ பச்சைப் பிள்ளை மாதிரி நின்றார். "நீங்க சொல்லிக் குடுத்ததைத்தான் சார் நானும் சொல்லிக் குடுத்தேன். ஒரு எழுத்து மாறலையே!" வேண்டுமென்று செய்தாரா, தானாக நடந்ததா? எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "போடா, வேலையப் பாரு" என்பதற்கு மேல் பதில் வந்ததில்லை.

கிளம்பும்போது ஷீபா மேடம் மெதுவாக, வெளியில் எங்காவது பேச முடியுமா என்று கேட்டிருக்கிறார். அம்மா யோசிக்கவே இல்லை. "ஞாயித்துக்கெழம எங்க வீட்ல காதுகுத்து. வாங்க." யாருக்கு என்று மேடம் கேட்டதற்கு, "அதை நான் பாத்துக்கிறேன்" என்றிருக்கிறார்.

பேத்திக்குத்தான். அந்தப் பிள்ளைக்கு ஒரு வயதிலேயே காது குத்தியாகிவிட்டது! கம்மலைக் கழற்றிவிட்டு, ஓட்டையில் சந்தனம் பூசிப் பந்தலில் உட்கார வைத்தார். தாய்மாமன் சிங்கப்பூரில். "ஆவூர் மாதா கோயில்ல பூசைய முடிச்சிட்டு நேரா வந்து தாய்மாமனா ஒக்காரு" என்று எனக்கு உத்தரவு. என் மடியில் பிள்ளை. ஆசாரி காதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார். திறந்த வாயில் அம்மா ஒரு ஜாங்கிரியை வைத்தார்.

அந்த நேரம் பார்த்து, அழைக்காமலே எவர்சில்வர் குடத்தோடு வந்து நிற்கிறார் வசந்தகுமார் சார்! எங்களுக்கு உயிரே இல்லை. சமையல்கட்டில் ஷீபா மேடம் பெண்களோடு தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பூட்டிய கதவைப் பற்றிச் சொல்லச் சொல்லப் பெண்கள் தேம்புகிறார்கள். சார் மோர் கேட்டு அந்தப் பக்கம் நடக்கிறார். அம்மா கரண்டியோடு குறுக்கே வந்தார்.

"இங்கிட்டு வராதீங்க சார், ஒரே புகை."

"உள்ள யாரோ அழுவுற மாதிரி இருக்கே?"

"சின்ன வெங்காயம் சார். காரம் ஜாஸ்தி."

சார் சிரிக்கிறார், பாருங்கள்! அன்று இரண்டு டம்ளர் மோர் குடித்துவிட்டு, பிள்ளையை ஆசீர்வதித்துவிட்டுப் போனார்.

இது வெறும் குறும்பா? இல்லை, அன்பர்களே. உள்ளே இருந்த பெண்களுக்கு ஒரு பயம் இருந்தது. உண்மையைச் சொன்னால் ஆர்டரை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட மாட்டார்களா? அப்புறம் நம் அடுப்பு எப்படி எரியும்? அம்மா மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை ஜெபமாலையம்மாள் இன்றும் சொல்வார். "எங்கள விட்டுட்டு ஓடிராதீங்க. ஆர்டரும் வேணும், கதவும் தொறக்கணும். ஒண்ணக் குடுத்து ஒண்ண எடுக்குறதுன்னா, இங்க வந்து ஒரு வாய் சாப்பிட்டதுக்கு என்ன அர்த்தம்?"

ஆர்டர் போகவில்லை. பூட்டு போனது! தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கும் குழு வந்தது. போன கோடையில் அயர்னிங் பிரிவில் புகை கிளம்பியபோது, அத்தனை பேரும் அந்தப் பின்கதவு வழியாகத்தான் உயிரோடு வெளியே வந்தோம். முதலில் வந்தவர் யார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் மேடையில்தான் இருக்கிறார். கடைசியாக வந்தவர் பிரகதாம்பாள் அம்மா. வரிசையில் ஒவ்வொருவரையும் முன்னே தள்ளிவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். அந்த முகத்தை இனிப் பார்க்க முடியாது என்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

இப்போது நான் சிரிக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த வாரம் மறுபடியும் ஆய்வு. முந்தாநாள் ஒரு லைனில் மறுபடியும் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அம்மாவின் இடம் காலி. நாளை மாலைக்குள் ஒரு பெயர் வராவிட்டால், "அமைதியான ஆள்" ஒருவரை நிர்வாகமே போட்டுக்கொள்ளும். பதினோரு நாளாக யாரும் பெயர் கொடுக்கவில்லை; நிற்க ஆளே இல்லை என்கிறார் வசந்தகுமார் சார். எனக்குத் தெரியும், பயம். வேலை போகும், வேன் வராது, வீட்டில் திட்டுவார்கள். அம்மாவுக்கு மட்டும் பயம் இல்லையா? அந்த ஞாயிற்றுக்கிழமை சார் தெருமுனை தாண்டும் வரை அவர் கரண்டியைக் கீழே வைக்காததை நான் பார்த்தேன். பயந்துகொண்டேதான் குறுக்கே நின்றார்.

ஆகவே மாலை போட்டு, மௌனம் காத்துக் கலைந்துவிட வேண்டாம். இந்தக் கூடத்திலேயே கேட்கிறேன். அவர் வேலையை எடுத்துச் செய்ய யார் வருகிறீர்கள்? ஒரே ஒரு பெயர் போதும்.

யாரது, எழுந்திருப்பது? பொன்னுத்தாயா! நில்லுங்கள், உட்காராதீர்கள். கைதட்டுங்கள் தோழர்களே! ஐயா, எழுதிக்கொள்ளுங்கள்... பொறுங்கள், அங்கே இன்னொரு கை. செக்கிங் கார்த்திகா! என்னம்மா சொல்கிறாய்? மைக்கைக் கொடுங்கள்.

"அண்ணே, பொன்னுத்தாயக்காவுக்கு லைன்ல கத்தத்தான் தெரியும். நான் நிக்கிறேன்."

கேட்டீர்களா! ஜெபமாலையம்மாள், நீங்கள் எதற்கு எழுந்தீர்கள்? நீங்களுமா?

வசந்தகுமார் சார், ஒரு பெயருக்கே ஆள் இல்லை என்றீர்கள். மூன்று இருக்கிறது. வாக்குப்பெட்டிக்கு ஏற்பாடு செய்யுங்கள். எவர் ஜெயித்தாலும் மற்ற இருவரும் நாங்களும் அவர் பின்னால் நிற்போம். இது இந்தக் கூடம் கொடுக்கும் வாக்கு.

பிரகதாம்பாள் அம்மா! உங்கள் இடத்துக்கு இங்கே அடிதடியே ஆரம்பித்துவிட்டது. நிம்மதியாகப் போய் வாருங்கள்.